விரிசலை நிறுத்தும் நுண்மணிகள்

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு வட்டாரத்து ஆழ்துளை ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் அரிது. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் நின்று பாறையைத் துளைத்துவிட்டு ஊர் திரும்பும் அந்த வண்டிகளின் ஒவ்வொரு பாகமும் ஓயாத அதிர்வைத் தாங்கியாக வேண்டும். வழியில் டேங்கில் கசிவு, உறையில் விரிசல், பெயர்ந்து வந்த தகடு என்று எது நேர்ந்தாலும் அவசரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு. இரண்டு டியூபிலிருந்தோ இரண்டு பொட்டலத்திலிருந்தோ எடுத்து, நன்றாகப் பிசைந்து, துடைத்த இடத்தில் அப்பி, இறுக விடுவார்கள். அரால்டைட், எம்-சீல் என்று கம்பெனிப் பெயரைச் சொல்லியே ஹார்டுவேர் கடைகளில் வாங்கப்படும் இந்தப் பசைகளின் அடிப்படைப் பொருள் எபாக்சி.

மறுநாள் பார்த்தால் ஒட்டு கல்லாக இறுகியிருக்கும். மெதுவாக இழுத்தால் அசையாது. ஆனால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதே ஒட்டு பட்டென்று விட்டுப்போவதும் உண்டு. சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் நீண்ட டிரெய்லரில் போகும் காற்றாலை இறக்கையின் இரு பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதும் பெரும்பாலும் எபாக்சி வகைப் பசைதான். இன்றைய கார்களின் உடற்தகடுகளில் பற்றவைப்போடு சேர்ந்து மோதலைத் தாங்குவதும் எபாக்சிதான். ஒரே குடும்பத்துப் பொருள் ஓரிடத்தில் கண்ணாடிபோல் உடைகிறது, இன்னோரிடத்தில் அடியை வாங்கிக்கொண்டு நிற்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பத்து விழுக்காடு அளவுக்குச் சேர்க்கப்படும் ரப்பர். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த ரப்பர் எபாக்சிக்குள் எந்த வடிவில், எந்த அளவில், எங்கே அமர்ந்திருக்கிறது என்பது. பொருளின் உள்ளமைப்பே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்ற உண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் பொருளறிவியலில் அதிகம் இல்லை.

இறுக்கமே பலம், இறுக்கமே பலவீனம்

எபாக்சி மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒரு சிறிய முக்கோண வளையம் இருக்கிறது. இரண்டு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. வளைந்து நெருக்கப்பட்ட அந்த வளையம் திறந்துகொள்ளக் காத்திருக்கும். கெட்டியாக்கியான ஹார்டனரில் உள்ள அமீன் தொகுதிகள் அதைத் திறந்து பிணைகின்றன. ஒரு ஹார்டனர் மூலக்கூறு நான்கைந்து எபாக்சி முனைகளைப் பற்றிக்கொள்ள முடியும் என்பதால், சில மணி நேரத்தில் எல்லாத் திசையிலும் குறுக்குப் பிணைப்புகள் விழுந்து, முழுத் துண்டும் ஒரே மாபெரும் மூலக்கூறுபோல ஆகிவிடுகிறது. 1930களின் இறுதியில் ஸ்விட்சர்லாந்தில் பியர் காஸ்தானும், 1940களில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே வளர்த்த வேதியியல் இது. சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த வலைப்பின்னல் உருகாது, எளிதில் கரையாது, எடையைத் தொங்கவிட்டால் மெல்ல மெல்ல நீளாது. சாதாரண எபாக்சி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 60 முதல் 80 நியூட்டன் வரை இழுவிசையைத் தாங்கும். அப்படியிருந்தும் அது ஏன் பட்டென்று உடைகிறது?

உறுதி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனிக் குணங்கள் கலந்திருக்கின்றன. விசைக்கு எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது விறைப்பு. உடைவதற்கு முன் எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பது வலிமை. ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும்போது அது மேலும் ஓடாமல் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பது விரிசல் தாங்கும் திறன். முதல் இரண்டும் எபாக்சிக்கு நிறையவே உண்டு. மூன்றாவதில்தான் அது ஏழை.

கண்ணாடியை ஆராய்ந்த ஏ. ஏ. கிரிஃபித் 1920இல் இதற்கான அடிப்படைக் கணக்கைக் கொடுத்தார். விரிசல் ஓடினால் புதிதாக இரண்டு பரப்புகள் உருவாகின்றன. அவற்றை உருவாக்க ஆற்றல் தேவை. பொருளில் தேங்கியிருக்கும் ஆற்றல் அந்தத் தேவையை ஈடுகட்டிவிட்டால் விரிசல் தானாகவே ஓடும். ஒரு சதுர மீட்டர் விரிசலுக்குக் கண்ணாடி கேட்கும் ஆற்றல் சுமார் 10 ஜூல். மாற்றம் செய்யாத எபாக்சி கேட்பது சுமார் 100 முதல் 200 ஜூல். கண்ணாடியைவிட மேல் என்றாலும், அதிர்ந்துகொண்டே ஓடும் இயந்திரத்துக்கு இது போதாது. சரியாக அமைந்த ரப்பர் எபாக்சியில் இந்த எண் 2,000 ஜூலையும் தாண்டுகிறது. ரப்பர் என்ற பொருளோ விறைப்பும் வலிமையும் எபாக்சியைவிட மிகக் குறைந்தது. மென்மையான ஒன்றைச் சேர்த்து, உடையாத ஒன்றை எப்படிப் பெற முடிந்தது என்பதே நம் கேள்வி.

கரைந்த ரப்பரும் மணியான ரப்பரும்

1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபிரெடரிக் மெக்கேரி குழு இந்த வழியைத் திறந்தது. அவர்கள் கையாண்டது பி. எஃப். குட்ரிச் நிறுவனம் தயாரித்த ஒரு திரவ ரப்பர். பியூட்டாடையீன், அக்ரைலோநைட்ரைல் என்ற இரண்டும் கோத்த குட்டையான சங்கிலி. அதன் இரு முனைகளிலும் கார்பாக்சில் அமிலத் தொகுதி. குமரி மாவட்டத் தோட்டங்களில் வடியும் இயற்கை ரப்பரை அப்படியே இதற்குப் பயன்படுத்த முடியாது. அதன் சங்கிலி மிக நீளம். எபாக்சியோடு ஒட்டி உறவாடும் முனைவுத் தொகுதிகளும் அதில் இல்லை. கலந்தால் எண்ணெயும் தண்ணீரும்போலத் தனித்தே நிற்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் எபாக்சிக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்து வலைப்பின்னலின் இடையே பரவிக் கிடக்கலாம். அல்லது தனியே பிரிந்து நுண்ணிய மணிகளாகத் திரண்டு நிற்கலாம். மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள சேகோ ஆலைகளிலிருந்து வரும் ஜவ்வரிசியில் பாயசம் வைப்பவருக்கு இது எளிதில் விளங்கும். மணி மணியாக நின்றால் பாயசம், எல்லாம் குழைந்து கரைந்தால் கூழ். போட்ட ஜவ்வரிசி இரண்டிலும் ஒரே படிதான்.

கரைந்த ரப்பர் முழு எபாக்சியையும் இளக்குகிறது. விறைப்பு விழுகிறது, எந்த வெப்பநிலையில் எபாக்சி கண்ணாடித் தன்மையை இழந்து தளர்கிறதோ அந்த வெப்பநிலையும் இறங்குகிறது. சித்திரை வெயிலில் நின்ற லாரியின் தகடு கையால் தொட முடியாத சூடாக இருக்கும் நம் சமவெளியில் இது சிறிய இழப்பு இல்லை. மணிகளாகப் பிரிந்த ரப்பரோ, மணிகளுக்கு இடையில் உள்ள எபாக்சியைப் பெரும்பாலும் அதன் இயல்பிலேயே விட்டுவைக்கிறது. விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ குறையலாம்; தளரும் வெப்பநிலை ஏறக்குறைய அப்படியே நிற்கும்; விரிசல் தாங்கும் திறன் மட்டும் பத்து மடங்குக்கு மேல் ஏறும். இந்த ஏற்றம் பொதுவாக நூறு பங்கு எபாக்சிப் பிசினுக்குப் பத்து, பதினைந்து பங்கு ரப்பர் சேர்க்கும் எல்லைவரைதான். அதற்கு மேல் வெகுவாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அமைப்பே தலைகீழாகி, ரப்பர் தொடர்பொருளாகவும் எபாக்சி மணிகளாகவும் மாறிவிடும். அப்போது கையில் இருப்பது மென்மையான வேறொரு பொருள்.

இறுகுவதற்குள் நடக்கும் பந்தயம்

இந்த மணிகளை யாரும் உருட்டிப் போடுவதில்லை. பசை இறுகும்போது அவை தாமாகவே உருவாகின்றன. தொடக்கத்தில் திரவ ரப்பர் திரவ எபாக்சியில் கரைந்திருக்கிறது, கலவை தெளிவாக இருக்கும். ஹார்டனர் வேலையைத் தொடங்கியதும் எபாக்சி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வளர்கின்றன. மூலக்கூறுகள் பெரிதாகப் பெரிதாக, கலந்து கிடப்பதால் இயற்கைக்குக் கிடைக்கும் ஆதாயம் குறைகிறது. ரப்பருக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. அது சிறு துளிகளாக வெளியேறித் திரளத் தொடங்குகிறது, கலவை பால்போல் கலங்குகிறது. ஆனால் அதே நேரத்தில் எபாக்சி கெட்டிப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. கூழ்நிலையை அடைந்ததும் எதுவும் நகர முடியாது. அதுவரை பிரிந்த ரப்பர் மணியாகத் தங்கும். பிரிய முடியாத மிச்சம் உள்ளேயே கரைந்து மாட்டிக்கொள்ளும்.

பிரிதலுக்கும் இறுகுதலுக்கும் இடையிலான இந்தப் பந்தயத்தைக் கட்டுப்படுத்தவே வேதியியலாளர்கள் படாத பாடு படுகிறார்கள். அவர்கள் கையில் உள்ள முதல் கருவி அக்ரைலோநைட்ரைலின் அளவு. இந்த வகை ரப்பர்களில் அது 10 முதல் 26 விழுக்காடு வரை இருக்கும். கூடினால் ரப்பருக்கும் எபாக்சிக்கும் நெருக்கம் கூடும், பிரிதல் தாமதமாகும், மணிகள் சிறியவையாகும், சில சமயம் பிரியாமலே போகும். குறைந்தால் சீக்கிரமே பிரிந்து பெரிய மணிகளாகத் திரளும். இரண்டாவது கருவி வெப்பநிலை. சூடு ஏறினால் வேதிவினையும் வேகமெடுக்கும், ரப்பர் மூலக்கூறு நகர்வதும் எளிதாகும். எது முந்துகிறது என்பது ஒவ்வொரு கலவையிலும் வேறுபடும். மூன்றாவது கருவி ரப்பரின் முனைத்தொகுதிகள். ரப்பரை முதலிலேயே எபாக்சியோடு வினைபுரிய வைத்துவிட்டால், ஒவ்வொரு மணியும் சுற்றியுள்ள எபாக்சியோடு வேதிப்பிணைப்பால் கட்டப்படும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் மணிகள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவில் நிற்கின்றன. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அளவை ஊகித்துக்கொள்ளலாம். இந்தப் பந்தயமே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் வந்துவிட்டது: ரப்பர்க் கருவின்மேல் எபாக்சியோடு ஒத்துப்போகும் கடினமான ஓடு போர்த்தி, தொழிற்சாலையிலேயே அளவு குறித்துத் தயாரித்த மணிகள். எப்படி இறுக்கினாலும் அவற்றின் அளவு மாறாது.

மணிக்குள் ஒரு வெற்றிடம்

மணிகள் என்ன செய்கின்றன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயிற்று. விரிசலின் இரு கரைகளையும் ரப்பர் இழுத்துப் பிடித்திருக்கிறது, அது நீண்டு அறுவதில் ஆற்றல் செலவாகிறது என்பது ஒரு விளக்கம். 1980இல் கேம்பிரிட்ஜில் இதைக் கணக்கிட்டும் காட்டினார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஏற்றத்தின் ஒரு சிறு பகுதியை மட்டுமே விளக்கியது. மெக்கேரி குழு முன்வைத்த இன்னொரு விளக்கம், பெரிய மணிகளைச் சுற்றி நார்நாரான நுண்பிளவுகள் தோன்றுகின்றன என்றது. பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் அது உண்மை. நெருக்கமாகக் குறுக்குப் பிணைப்பு விழுந்த எபாக்சியில் சங்கிலிகள் அப்படி நாராக நீள வழியில்லை.

இன்று ஏற்கப்பட்டிருக்கும் விளக்கத்தை 1980களில் பிரிட்டனின் ஆந்தனி கின்லாக் குழுவும், அமெரிக்காவில் ஆல்பர்ட் யீ, ரேமண்ட் பியர்சன் இருவரும் உருவாக்கினார்கள். விரிசலின் நுனியில் உள்ள எபாக்சி எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுபடுகிறது. அப்படி முப்புறமும் இழுபடும் பொருள் சறுக்கி உருமாற முடியாது. உடைய மட்டுமே முடியும். இங்கேதான் ரப்பரின் ஒரு வினோத குணம் உதவுகிறது. வடிவத்தை மாற்றுவதில் ரப்பர் மிக மென்மை; பருமனை மாற்றுவதில் ஏறக்குறைய எபாக்சி அளவுக்கே பிடிவாதம். எனவே சுற்றியுள்ள எபாக்சியோடு ஒட்டியிருக்கும் மணி முதலில் அந்த இழுப்பில் தன் பங்கைச் சுமக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் உள்ளுக்குள் கிழிந்து, நடுவில் ஒரு வெற்றிடம் திறக்கிறது.

அந்த நொடியில் முப்புற இழுப்பு தளர்கிறது. மணிக்கும் மணிக்கும் இடையில் உள்ள மெல்லிய எபாக்சிப் பாலங்கள் விடுதலை பெற்று, ஒன்றின்மேல் ஒன்றாகச் சறுக்கத் தொடங்குகின்றன. ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குச் சறுக்குப் பட்டைகள் ஓடுகின்றன, வெற்றிடங்கள் பெரிதாகின்றன. விரிசல் நுனியைச் சுற்றி ஒரு பெரிய பகுதி முழுவதும் உருமாறி ஆற்றலை விழுங்குகிறது. ஆக, ஆற்றலில் பெரும்பங்கை விழுங்குவது எபாக்சியேதான். அதற்குள் ஏற்கெனவே இருந்தும் வெளிப்பட முடியாத திறனை ரப்பர் திறந்துவிடுகிறது.

இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு. 1990களில் ரப்பருக்குப் பதிலாக உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணிய பிளாஸ்டிக் கோளங்களை எபாக்சியில் சேர்த்துப் பார்த்தார்கள். ரப்பர் தந்த அளவுக்கே விரிசல் தாங்கும் திறன் ஏறியது. மணி குழிந்துகொடுப்பதே முதன்மை என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை.

எபாக்சியின் பங்கு

எபாக்சியே சறுக்க முடியாததாக இருந்தால் என்ன ஆகும்? யீயும் பியர்சனும் 1989இல் இதைத்தான் சோதித்தார்கள். ஒரே ரப்பர், ஆனால் குறுக்குப் பிணைப்புகளுக்கு இடையே வெவ்வேறு இடைவெளி. பிணைப்புகள் தள்ளித்தள்ளி விழுந்த எபாக்சியில் ரப்பர் அற்புதம் செய்தது. நெருங்கி விழுந்ததில் ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. விமானப் பாகங்களில் பயன்படும் உயர்வெப்ப எபாக்சிகள் இரண்டாவது வகை. அவற்றில் ரப்பருக்குப் பதிலாகப் பாலியீதர் சல்ஃபோன் போன்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்குகளைப் பிரிந்த நிலையில் சேர்ப்பது இதனால்தான். 2001 ஜனவரி 4இல் பெங்களூருவில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானச் சட்டத்தின் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன் இழைக் கூட்டுப்பொருள். அத்தகைய பொருளின் அடுக்குகளில் இழைகளை இணைத்துப் பிடிப்பது எபாக்சி. ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்று பிரியாமல் காப்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

வெப்பமும் வேகமும்கூடக் கணக்கில் சேரும். கடும் குளிரில் ரப்பரே கண்ணாடியாகிவிட்டால் மணிகள் குழியாது. மோதல்போலத் திடீர் விசை வந்தால் எபாக்சிக்குச் சறுக்க நேரம் போதாமல் போகலாம். ஆய்வகத்தில் மெதுவாக இழுத்து அளந்த எண்ணை வைத்துக்கொண்டு, பள்ளத்தில் குதிக்கும் வண்டிக்கு உறுதிமொழி தர முடியாது.

ஒட்டின் தடிமன்

நுண்மணியிலிருந்து ஒட்டுக்கு வந்தால் அமைப்பின் இன்னொரு படி தெரிகிறது. 1970களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லார்ட் பாஸ்கம் குழு ஒரு வியப்பான செய்தியைக் கண்டது. ரப்பர் கலந்த எபாக்சிப் பசையின் விரிசல் தாங்கும் திறன், பசை அடுக்கு ஒரு குறிப்பிட்ட தடிமனில் இருக்கும்போது உச்சத்தை எட்டுகிறது. அதைவிட மெலிந்தால் சறென்று விழுகிறது. விரிசல் நுனியைச் சுற்றி உருமாறும் பகுதி விரிவதற்கு இடம் வேண்டும். இரண்டு உலோகத் தகடுகள் இருபுறமும் நெருக்கினால் அந்தப் பகுதி முழுதாக வளர முடியாது. பசை எல்லாம் வெளியே பிதுங்கும்வரை கிளாம்பை முறுக்குவது நல்ல வேலை என்று தோன்றும். இத்தகைய பசைக்கு அது கேடு.

கார்பன் இழைக் கூட்டுப்பொருளிலும் இதே கதைதான். 1980களில் டொனால்ட் ஹன்ஸ்டன் பல பிசின்களை ஒப்பிட்டுக் காட்டினார்: பிசின் ஓரளவு தேறிய பிறகு, அதன் விரிசல் தாங்கும் திறனில் மூன்று பங்கு கூட்டினால் கூட்டுப்பொருளில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. இழைகள் நெருங்கிக் கிடப்பதால் உருமாற இடமில்லை.

உடைந்த ஒட்டைப் படிக்கலாம்

இந்த அறிவில் ஒரு பகுதி நுண்ணோக்கி இல்லாமலே பட்டறையில் பயன்படும். ஒட்டு விட்டுப்போனால் உடைந்த பரப்பை வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாகப் பளபளத்தால் விரிசல் தடையின்றி ஓடியிருக்கிறது. பரப்பு வெளுத்துப்போயிருந்தால் மணிகள் குழிந்து எபாக்சி உருமாறியிருக்கிறது. அந்த வெண்மை எண்ணற்ற வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. பசையே ஒட்டாமல் உலோகம் சுத்தமாகத் தெரிந்தால் குற்றம் பசையில் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காததில்.

உறையில் அச்சிட்ட கலவை விகிதமும், இறுகும் நேரமும், வெப்பநிலையும் இப்போது வேறு பொருள் பெறுகின்றன. ரப்பர் கலந்த பசையில் உள்ளே மணிகள் பிறந்து அளவெடுக்கும் காலம் அதுவே. அவசரப்பட்டு அடுப்பருகே வைத்துச் சூடேற்றுபவர், தெரியாமலே அந்தப் பந்தயத்தின் முடிவை மாற்றிவிடுகிறார். ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்ப்பவர் வலைப்பின்னலையே குலைக்கிறார்.

நம் மண்ணின் எண்ணெய்கள்

இந்தத் துறையில் நம் அருகிலேயே நல்ல பணிகள் நடந்திருக்கின்றன. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் சாபு தாமஸ் குழு திரவ ரப்பர் எபாக்சியில் எப்படிப் பிரிகிறது, அதன் மணிகள் குணத்தை எப்படி மாற்றுகின்றன என்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் மு. அழகர் குழு சிலிக்கான் சங்கிலிகளை எபாக்சி வலைக்குள் பின்னிப் பார்த்தது.

அடுத்த படி நம் வயல்களிலிருந்து வரலாம். பண்ருட்டி முந்திரித் தோட்டின் எண்ணெயிலிருந்து பிரிக்கப்படும் கார்டனால் ஏற்கெனவே எபாக்சி ஹார்டனர்களில் இடம்பிடித்துவிட்டது. பதினைந்து கார்பன் நீளமுள்ள அதன் வால் வலையை இளக்குகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வரப்போரம் நிற்கும் ஆமணக்குக்கு, ஏத்தாப்பூரில் மரவள்ளியோடு சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலியிக் அமிலம். அதன் சங்கிலியின் நடுவே இயற்கையாகவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருப்பதால் அதை ரப்பராகப் பின்னுவது எளிது. 1970களிலேயே அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தின் ஸ்பெர்லிங் குழு ஆமணக்கு ரப்பரைப் பாலிஸ்டைரீனோடு பின்னிக் காட்டியிருக்கிறது.

திருச்செங்கோட்டைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. இயற்கை எண்ணெய் கலந்த எபாக்சி மாணவர்களின் கைக்கு எட்டும் ஆய்வுப் பொருள். எடுப்பவர்களிடம் வேண்டுவது இரண்டு. இழுவிசையோடு நிறுத்தாமல், விரிசலிட்ட துண்டை உடைத்து ஆற்றலையும் அளக்க வேண்டும். உடைந்த பரப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, எண்ணெய் கரைந்து கிடக்கிறதா, மணிகளாகப் பிரிந்து நிற்கிறதா, மணிகளின் அளவு என்ன என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணுக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால்தான் அடுத்த கலவையை ஊகத்தில் விடாமல் திட்டமிட்டுச் செய்ய முடியும்.